வால்வு மாற்றிய பிறகும் வழி திறந்திருக்க வேண்டும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கடற்கரைச் சாலையில் சேர்ந்து உட்கார்ந்தால் முன்பெல்லாம் பஞ்சப்படி பற்றிப் பேசுவோம். இப்போது யாருக்கு எத்தனை ஸ்டென்ட், யாருக்கு எந்த முழங்கால் என்பதுதான் பேச்சு. அண்மைக் காலமாக அந்தப் பட்டியலில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "நெஞ்சைப் பிளக்காமல், தொடை வழியாகவே வால்வு மாற்றிவிட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்" என்கிறார்கள். கேட்பவர்கள் வியக்கிறார்கள். வியக்க வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த வியப்பில் ஒரு கேள்வி காணாமல் போய்விடுகிறது. வால்வு வைத்த ஆளுக்கு இரண்டு வருஷமோ ஐந்து வருஷமோ கழித்து நெஞ்சு வலித்து, ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டி வந்தால், அந்தக் குழாய் போக வழி இருக்குமா? இதை வால்வு வைப்பதற்கு முன்பே கேட்டு, பதிலைக் கோப்பில் ஏற்ற வேண்டும் என்பது என் கட்சி. நான் டாக்டர் இல்லை. முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்புகளைப் புரட்டியவன். எனவே மருத்துவத்தைப் படித்தவரை, கேட்டவரை சொல்கிறேன். கோப்பு விஷயத்தை மட்டும் உரிமையோடு சொல்கிறேன்.

முதலில் நோய். இதயத்திலிருந்து உடம்புக்கெல்லாம் இரத்தம் போகும் பெரிய குழாய்க்கு அயோர்ட்டா என்று பெயர். அதன் வாசலில் மூன்று இதழ் கொண்ட ஒரு கதவு இருக்கிறது. அதுதான் அயோர்ட்டிக் வால்வு. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை திறந்து மூடும் கதவு அது. வயதாக ஆக அதில் சுண்ணாம்பு படிகிறது. நல்ல நிலையில் மூன்று, நான்கு சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய வாசல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கிவிட்டால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சைப் பிடிக்கும், சிலருக்குத் தலை சுற்றி விழுகிற அளவுக்குப் போகும். பிரெஞ்சில் இதை 'ரெத்ரெசிஸ்மான்' என்பார்கள். சுருக்கம் என்று அர்த்தம். சட்டை துவைத்தபின் சுருங்கினாலும் அதே சொல்தான்.

இனி வரும் விவரத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். இதயத் தசைக்கே இரத்தம் கொடுக்கும் கொரோனரிக் குழாய்கள் எங்கிருந்து கிளம்புகின்றன தெரியுமா? அந்த வால்வுக்குச் சற்று மேலே, ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாகக் கிளம்புகின்றன. மகுடம் மாதிரி இதயத்தைச் சுற்றிக்கொண்டு போவதால்தான் கொரோனரி என்ற பெயரே வந்தது. வாசற்கதவை மாற்றும் தச்சர், பக்கத்துச் சுவரிலேயே இருக்கும் இரண்டு ஜன்னல்களையும் பார்த்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

அந்த ஜன்னல்களுக்கும் வயதாகிறது என்பது அடுத்த சங்கதி. கதவில் சுண்ணாம்பு படிய வைக்கிற அதே முதுமை, அதே இரத்த அழுத்தம், அதே கொழுப்பு கொரோனரிக் குழாய்களையும் விட்டுவைப்பதில்லை. குழாய் வழியாக வால்வு வைத்துக்கொள்ள வருபவர்களில், ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறினாலும், மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை கொரோனரி அடைப்பும் உள்ளவர்கள். ஆகவே "வால்வு வேறு, ஆஞ்சியோ வேறு" என்று இரண்டு கோப்பாகப் பிரித்து வைக்க முடியாது.

இந்தச் சிகிச்சை பிறந்த ஊர் பிரான்சின் ரூவான். நம்மைப் போல் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்த ஊரைப் பாடப்புத்தகத்திலேயே தெரியும். 1431-ல் ழான் தார்க்கை எரித்த ஊர். எழுத்தாளர் ஃப்ளோபேர் பிறந்த ஊர். அவருடைய தகப்பனார் அங்கே பெரிய மருத்துவமனையின் தலைமை அறுவைச் சிகிச்சையாளர். அதே ஊரில் அலேன் கிரிபியே என்ற இதய மருத்துவர் 1985-ல் சுருங்கிய அயோர்ட்டிக் வால்வை பலூனால் விரித்துக் காட்டினார். விரித்தது சில மாதங்களில் மறுபடி சுருங்கியது. விரித்த இடத்தில் ஒரு புது வால்வையே நிறுத்திவிட்டால் என்ன என்று யோசித்தார். டென்மார்க்கில் ஆண்டர்சன் என்ற மருத்துவர் 1989-ல் பன்றிகளில் இதைச் செய்து பார்த்திருந்தார். மனிதரில் செய்வது பைத்தியக்காரத்தனம் என்று சொன்னவர்கள் நிறைய. 2002 ஏப்ரல் 16-ஆம் தேதி, அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் கைவிட்ட 57 வயது நோயாளி ஒருவருக்கு கிரிபியே அதைச் செய்தார். வால்வு நன்றாக வேலை செய்தது. அந்த நோயாளி சில மாதங்களில் வேறு காரணங்களால் இறந்தார், ஆனால் வழி திறந்துவிட்டது. கிரிபியே 2024-ல் காலமானார்.

இன்று உலகமெங்கும் இதற்கு டாவி என்று பெயர். அமெரிக்காவில் டாவர் என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் வாயில் அது 'தாவி' என்றே வருகிறது. நம் தமிழுக்கு அது பொருத்தம். நெஞ்சைத் திறக்காமல் ஒரே தாவாகத் தாவிவிடுகிறது அல்லவா! நம் நாட்டிலும், குஜராத்தின் வாப்பியில் தலைமையிடம் கொண்ட நிறுவனம் ஒன்று இத்தகைய வால்வைத் தயாரிக்கிறது. விலை இன்னும் லட்சக் கணக்கில்தான் என்றாலும், செய்துகொள்பவர்கள் கூடி வருகிறார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத விவரம் ஒன்று உண்டு. பழைய வால்வை வெளியே எடுப்பதில்லை. நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவையில் பழையதை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைத் தைக்கிறார்கள். டாவியில் பழைய கதவு அங்கேயே இருக்கிறது. புதிய வால்வு ஓர் உலோக வலைக்கூட்டுக்குள் மடங்கி வந்து, பழைய இதழ்களைச் சுவரோடு சுவராக அழுத்திக்கொண்டு விரிகிறது. அந்த வலைக்கூடு இரண்டு விதம். ஒன்று, பலூனால் விரிப்பது. கோபால்ட் குரோமியம் கலவை, குட்டையானது, பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டர் அளவு. மற்றொன்று, உறையை விலக்கினால் தானே விரிவது. நிக்கல் டைட்டானியம் கலவை. இதில் பரவலாகப் பயன்படும் ஒன்று நாலரை சென்டிமீட்டர் உயரம். உயரமானது கொரோனரி வாசல்களையும் தாண்டி மேலே போய்விடும். அதாவது ஜன்னலுக்கு முன்னால் கம்பி வலை அடித்தது போல.

இரத்தம் அந்த வலைக் கண்கள் வழியே தாராளமாகப் போகும், பயமில்லை. சிக்கல் பின்னால் ஆஞ்சியோ எடுக்கும்போதுதான். டாக்டர் கையிலிருந்தோ தொடையிலிருந்தோ ஒரு மெல்லிய குழாயை ஏற்றி, அதன் நுனியைக் கொரோனரி வாசலில் பொருத்தி, மருந்தைச் செலுத்திப் படம் எடுக்கிறார். இடையில் வலை இருந்தால் அதன் ஒரு கண்ணுக்குள் நுழைத்துத்தான் வாசலை எட்ட வேண்டும். கம்பி ஜன்னலுக்கு வெளியே நின்று, கையை விட்டு உள்தாழ்ப்பாளைத் திறப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முடியும், எப்போதும் முடியாது. புதிய வால்வின் இதழ்கள் சேரும் தூண் ஒன்று சரியாக வாசலுக்கு நேரே நின்றுவிட்டால் இன்னும் கஷ்டம். அதனால்தான் இப்போது பல மருத்துவர்கள் அந்தத் தூண் வாசலை மறைக்காதபடி வால்வைத் திருப்பி நிறுத்துவதில் அக்கறை காட்டுகிறார்கள்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. இத்தாலியில் 300 பேருக்கு வால்வு வைத்த கையோடு கொரோனரி வாசலைக் குழாயால் எட்டமுடிகிறதா என்று பார்த்தார்கள். 23 பேருக்கு முடியவில்லை. அதில் ஒருவர் தவிர மற்ற அனைவருக்கும் வைத்தது உயரமான வகை. 2020-ல் வெளிவந்த ஆய்வு இது. உடனே "உயரமானது கெட்டது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வாசல் சிறியதாக உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அந்த வகையில் இரத்தம் தடையின்றிப் போகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஒன்றில் நன்மை, மற்றொன்றில் வசதி. எது எனக்கு என்பதுதான் கேள்வி. கேட்டால்தானே பதில் வரும்?

அடுத்து, படம் எடுக்கும் முறைகள். குழாய் ஏற்றாமலே சி.டி. ஸ்கேனில் கொரோனரியைப் பார்த்துவிடலாமே என்பார்கள். பார்க்கலாம். டாவி செய்வதற்கு முன் எல்லோருக்கும் எப்படியும் சி.டி. எடுக்கிறார்கள். வாசலின் சுற்றளவு, கொரோனரியின் உயரம், தொடைக் குழாயின் அகலம் எல்லாம் அதில்தான் அளக்கிறார்கள். அதே படத்தில் கொரோனரியையும் பார்க்கலாம். "பெரிய அடைப்பு இல்லை" என்று சொல்வதில் சி.டி. கெட்டிக்காரன். அப்படி வந்துவிட்டால் சிலருக்குக் குழாய் ஆஞ்சியோவே மிச்சம்.

ஆனால் நம் வயதில் அதற்கும் தடைகள் உண்டு. குழாயில் சுண்ணாம்பு இருந்தால் சி.டி.யில் அது பூதாகரமாகத் தெரியும். நாற்பது சதவீத அடைப்பு எழுபது போலத் தோன்றலாம். இதயம் வேகமாகவோ தாளம் தப்பியோ துடித்தால் படம் கலங்கும். ஊசியில் ஏற்றும் அயோடின் மருந்து, கிரியாட்டினின் கூடியவர்களின் சிறுநீரகத்துக்கு ஆகாது. வால்வு வைத்தபின் உலோகக் கூடும் படத்தில் நிழல் போடும். இவ்வளவு இருந்தும், வால்வு வைத்தவருக்கு மறுபடி ஆஞ்சியோ தேவைப்பட்டால் முதலில் ஒரு சி.டி. எடுத்துப் பார்ப்பது வீண்செலவு இல்லை. தூண் எங்கே, வலைக் கண் எங்கே, வாசல் எங்கே என்று அது வரைபடம் போட்டுக் கொடுத்துவிடும். வால்வின் இதழில் மெல்லிய இரத்தக்கட்டி படிந்திருந்தாலும் அதில் தெரியும். வரைபடம் கையில் வைத்துக்கொண்டு தெருவுக்குள் போவதற்கும், இருட்டில் தடவிக்கொண்டு போவதற்கும் வித்தியாசம் உண்டல்லவா?

ஈ.சி.ஜி.யை நம்பலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல். டாவிக்குப் பின் சிலருக்கு இதயத்தின் மின்பாதை இடப்பக்கம் தடைப்படுகிறது, சிலருக்கு பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வருகிறது. அப்போது ஈ.சி.ஜி. கோடுகளே மாறிப்போய், மாரடைப்பின் அடையாளத்தைப் படிப்பது கடினமாகிவிடும். இந்த நோயாளிக்கு வால்வு வைத்தபின் ஈ.சி.ஜி. எப்படி இருந்தது என்ற பழைய காகிதம் கையில் இருந்தால், புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடைப்பு இருந்தால் வால்வுக்கு முன்பே ஸ்டென்ட் வைத்துவிடலாமா? இதில் மருத்துவர்களுக்குள்ளேயே பல வருஷம் வழக்கு நடந்தது. 2021-ல் வந்த ஓர் ஆய்வு, முன்கூட்டி ஸ்டென்ட் வைப்பதால் பெரிய லாபம் இல்லை, இரத்தக்கசிவுதான் கூடுகிறது என்றது. 2024-ல் வடஐரோப்பிய மருத்துவர்களின் நோஷன்-3 ஆய்வு வேறு திசையில் பேசியது. இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்கு அடைப்புள்ள 455 பேர். அவர்களின் நடு வயது 82. சுமார் இரண்டு வருஷத்தில் மரணம், மாரடைப்பு, அவசர ஸ்டென்ட் இம்மூன்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள், ஸ்டென்ட் வைத்த பிரிவில் 26 சதவீதம், வைக்காத பிரிவில் 36 சதவீதம். ஆனால் இரத்தக்கசிவு முதல் பிரிவில் 28, இரண்டாவதில் 20. ஒரு கையில் கொடுத்து மறு கையில் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. இதற்கு எல்லோருக்கும் பொதுவான உத்தரவு போட முடியாது. அடைப்பு எங்கே, எவ்வளவு, நோயாளிக்கு இரத்தம் கசியும் வாய்ப்பு எப்படி என்று ஒவ்வொரு கோப்பாகத்தான் பைசல் செய்ய வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், என்னோடு பக்கத்து மேசையில் இருபது வருஷம் வேலை பார்த்த ஒருவர் அனுபவித்த சங்கடத்தைப் பார்த்தவன் நான். வெளியூரில், பெரிய மருத்துவமனை ஒன்றில் டாவி செய்துகொண்டு வந்தார். இரண்டு வருஷம் கழித்து ஓர் இரவு நெஞ்சுவலி. இங்கே கொண்டு போனோம். "எந்த வால்வு, என்ன அளவு?" என்று டாக்டர் கேட்டார். வீட்டில் இருந்த டிஸ்சார்ஜ் காகிதத்தில் 'டாவி செய்யப்பட்டது, நோயாளி நலம்' என்ற அளவோடு சரி. கம்பெனி பெயர் இல்லை, அளவு இல்லை, பழைய ஆஞ்சியோ சி.டி.யும் இல்லை. லியோனில் இருக்கும் மகன் போனில், "மாமா, எல்லாம் ஒரு பச்சைப் பையில் இருந்தது, அம்மாவைக் கேளுங்கள்" என்கிறான். அண்ணி பாவம், பீரோவைத் தலைகீழாகக் கவிழ்த்தும் கிடைக்கவில்லை. மறுநாள் அந்த ஊருக்குப் போன் மேல் போன் போட்டு விவரம் வாங்கியபின்தான், எந்தக் குழாயை எப்படி நுழைப்பது என்று திட்டம் போட்டு ஆஞ்சியோ செய்தார்கள். நல்ல வேளை, அவர் பிழைத்தார். அது முற்றிய மாரடைப்பாக இருந்திருந்தால் ஒரு நாள் பொறுத்திருக்குமா?

ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினால் இஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் எழுதிய புத்தகம் தருகிறார்கள். நெஞ்சுக்குள் வைக்கும் பொருளுக்கு அது வேண்டாமா? ஒவ்வொரு வால்வோடும் பெயர், அளவு, வரிசை எண் எழுதிய அட்டை வருகிறது. அது நோயாளியின் சொத்து. கேட்டு வாங்க வேண்டும்.

"எண்பத்தைந்து வயதில் அடுத்த ஆஞ்சியோவைப் பற்றி யார் நினைப்பது?" என்று சிலர் கேட்கலாம். நியாயம்தான். அந்த வயதில் மூச்சுவாங்காமல் குளித்து, பேரனோடு உட்கார்ந்து சாப்பிடுவதே போதுமான பலன். வலியில்லாதவரை வருஷா வருஷம் ஆஞ்சியோ எடு என்று நான் சொல்லவில்லை, எந்த டாக்டரும் சொல்லமாட்டார். என் கவலை அறுபத்தைந்து, எழுபது வயதுக்காரர்களைப் பற்றி. 2019-ல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு, அறுவைக்குத் தாங்கக்கூடிய உடம்புள்ளவர்களுக்கும் டாவி செய்கிறார்கள். அவர்கள் இன்னும் பதினைந்து, இருபது வருஷம் இருப்பார்கள். அதற்குள் கொரோனரி அடைக்கலாம். வால்வும் தேயலாம். தேய்ந்தால் வால்வுக்குள் இன்னொரு வால்வு வைக்க வேண்டும். அப்போது முதல் வால்வின் இதழ்கள் வலைக்கூட்டோடு ஒட்டி நின்று ஒரு சுவர் மாதிரி ஆகிவிடும். அந்தச் சுவர் கொரோனரி வாசலை மறைத்தால், ஆஞ்சியோ எடுப்பது ஒருபுறமிருக்க, இரத்த ஓட்டத்துக்கே ஆபத்து. ஆகவே முதல் வால்வைத் தேர்ந்தெடுக்கும்போதே இரண்டாவதையும் யோசிக்க வேண்டும். சிலருக்கு முதல் தடவை நெஞ்சைத் திறந்து செய்வதே மேல் என்று முடிவு வரலாம். வலி கொஞ்சம் அதிகம், ஆனால் பின்னால் வழி இருக்கும்.

"டாக்டரிடம் இத்தனை கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வாரே" என்பது நம்மவர்களின் அடுத்த தயக்கம். நான் பார்த்தவரை, நல்ல டாக்டர் இப்படிப்பட்ட கேள்விக்குக் கோபித்துக்கொள்வதில்லை. அரசாங்க அலுவலகத்தில் மனுவில் எல்லா விவரமும் எழுதிக்கொண்டு வருகிறவரைக் கண்டால் நமக்குச் சந்தோஷமாக இருக்குமா, இருக்காதா? அது போலத்தான்.

ஆகவே வால்வு வைக்கும் முன் நாலே கேள்வி. என் கொரோனரியில் அடைப்பு உண்டா, இருந்தால் இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்? எனக்கு வைக்கப்போவது குட்டையா உயரமா, ஏன்? பின்னால் ஆஞ்சியோ வேண்டுமென்றால் குழாய் போகுமா? இந்த வால்வு தேய்ந்தால் அடுத்து என்ன?

வைத்த பிறகு ஐந்து காகிதம். வால்வின் அட்டை. முந்தைய ஆஞ்சியோவின் சி.டி. வட்டு. வால்வுக்கு முன் எடுத்த சி.டி. ஸ்கேன் அறிக்கையும் வட்டும். வீட்டுக்கு அனுப்பும் நாளில் எடுத்த ஈ.சி.ஜி.யும் எக்கோவும். கடைசியாகப் பார்த்த கிரியாட்டினின் அளவு. இவற்றை ஒரே உறையில் போட்டு, மேலே பெரிய எழுத்தில் பெயர் எழுதி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். வால்வு அட்டையைப் படம் பிடித்து மகன், மகள் இருவர் போனிலும் ஏற்றிவிடுங்கள். பிள்ளைகள் பாரிசில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் நள்ளிரவில் ஒரு நொடியில் அனுப்பிவிடுவார்கள்.

மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பத்துப் பக்க டிஸ்சார்ஜ் அறிக்கையோடு, தமிழில் ஒரே ஒரு பக்கம் கொடுங்கள். வால்வின் பெயர், வகை, அளவு, வைத்த தேதி, கொரோனரியின் நிலைமை, பின்னால் ஆஞ்சியோ எடுப்பவருக்கு ஒரு வரி. இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. லட்சக்கணக்கில் வாங்கும் கட்டணத்தில் ஒரு தாளின் விலை எவ்வளவு?

புதிய கதவு போட்ட வீட்டில் ஜன்னல் எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்களிலோ உங்கள் குடும்பத்திலோ யாருக்காவது இந்த வால்வு இருந்தால், அந்த அட்டை எங்கே என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். இல்லையென்றால் வைத்த மருத்துவமனைக்கு நாளைக் காலையில் ஒரு கடிதம் போடுங்கள், நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொண்டு.